லாரிப் பாத்தி இலை

1

கயல் வளர்த்த ஐந்து புழுக்களும் ஒரே காலையில் செத்துக் கிடந்தன.

கயல் என் மகள். ஏழு வயது. சிங்கப்பூரில் பிறந்து, இங்கேயே பள்ளிக்குப் போகிறவள். எங்கள் வீட்டு வாசல் நடைபாதையில் இருக்கும் கறிவேப்பிலைச் செடியிலிருந்து எடுத்த புழுக்களை ஒரு பழைய ஐஸ்கிரீம் டப்பாவில் போட்டு, மூடியில் ஊசியால் துளை போட்டு, டிவிக்குப் பக்கத்தில் வைத்திருந்தாள். ஒவ்வொன்றுக்கும் பெயர் உண்டு. வெய் லிங், ஹஃபிஸா, ரயன் என்று அவளுடைய வகுப்புப் பிள்ளைகளின் பெயர்கள். ஐந்தில் ஒன்றுக்குக்கூடத் தமிழ்ப் பெயர் இல்லையே என்று நானும் என் கணவர் செல்வமும் முந்தின நாள்தான் சிரித்துக்கொண்டோம்.

"அம்மா, வெய் லிங் மூவ் பண்ணல."

நான் அடுப்படியில் இருந்தேன். "தூங்கும்டா. தோல் உரிக்கப் போறப்ப அப்படித்தான் அசையாம இருக்கும்."

"ரயனும் மூவ் பண்ணல. அதோட வாயில ஏதோ கிரீனா இருக்கு."

கையிலிருந்த கரண்டியை வைத்துவிட்டு வந்து பார்த்தேன். பார்த்ததுமே தெரிந்துவிட்டது. பசியில் சாகும் புழு சுருங்கிப் போகும். நோயில் சாகிற புழு இரண்டு மூன்று நாள் மந்தமாகக் கிடந்து கறுத்துப் போகும். இவை அப்படியில்லை. உடம்பை முறுக்கிக்கொண்டு, பச்சையாகக் கக்கி, துவண்டு கிடந்தன. நேற்று மாலைவரை கொழுகொழுவென்று இலையைக் கத்தரித்துத் தின்றுகொண்டிருந்தவை. இந்தச் சாவை நான் சின்ன வயதில் ஊரில், எரியோடு பக்கம் எங்கள் காட்டில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். மருந்து அடித்த மறுநாள் காலையில் பாத்தியில் இறங்கினால் காலடியில் கிடப்பவை இப்படித்தான் கிடக்கும்.

"நேத்து இதுகளுக்கு என்ன குடுத்தே?"

"நீங்க குடுத்ததுதான். தாத்தா இலை."

ஆமாம், நான்தான் கொடுத்தேன். எங்கள் செடிக்கு முந்தின நாள் மாலை வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்திருந்தேன். அதைத் தின்றால் புழுவுக்கு ஆகாது. அதனால் குளிர்பெட்டியைத் திறந்து, ஊரிலிருந்து அப்பா கொடுத்துவிட்ட கறிவேப்பிலையில் இரண்டு கொத்தை எடுத்துக் கொடுத்தேன். கொடுக்கும்போது சொன்னதும் நினைவிருக்கிறது. "இது தாத்தா காட்டு இலை. இதுல ஒரு சொட்டு மருந்துகூடக் கிடையாது. பயப்படாமப் போடு."

கயல் டப்பாவை மூடவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

2

இந்தப் புழு விவகாரம் எப்படித் தொடங்கியது என்று சொல்லிவிடுகிறேன்.

இங்கே அடுக்குமாடியில் நடைபாதை பொது. செடி வைக்கலாம். ஆனால் ஒரு சக்கர நாற்காலி தாராளமாகப் போய்வர இடம் விட வேண்டும், தண்ணீர் தேங்கக் கூடாது, பக்கத்து வீட்டுக்குத் தொந்தரவு வரக் கூடாது. என்னிடம் இருப்பது ஒரு கறிவேப்பிலை, ஒரு எலுமிச்சை, தொட்டிகளில் கொத்தமல்லி, புதினா, துளசி. இவ்வளவுதான். ஆனால் ஊரில் இருக்கிற வண்ணத்துப்பூச்சிக்கு வாசனை தெரிவதுபோல இங்கே இருக்கிறதுக்கும் தெரிகிறது. ஒன்பதாவது மாடிக்கு ஏறி வந்து முட்டை வைத்துவிட்டுப் போகிறது.

ஒருநாள் கட்டடப் பராமரிப்பு அலுவலகத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். தினேஷ் என்று பெயர். இந்த ஊரிலேயே பிறந்து வளர்ந்த தமிழர்.

"அக்கா, நான் சொல்லல. கீழ் வீட்டு அங்கிள் சொல்றாரு. காயப்போட்ட சட்டையில உங்க வீட்டுப் புழு ஏறிடுச்சாம்."

"எங்க வீட்டுப் புழுன்னு எப்படித் தெரியும்? அதுல பேரு எழுதியிருந்துச்சா?"

"இந்த பிளாக்ல வேற யாரு வீட்லயும் இம்புட்டுச் செடி இல்லையே."

"கடிச்சுச்சா?"

"கடிக்கல. ஆனா அதோட தலையில இருந்து ஆரஞ்சுக் கலர்ல கொம்பு மாதிரி ரெண்டு வந்துச்சாம். நாத்தம் வந்துச்சாம். அங்கிள் பயந்துட்டாரு."

"அவரு தொட்டிருப்பாரு. அதுவும் பயந்துருக்கும்."

தினேஷ் சிரிப்பை அடக்கிக்கொண்டு, "கடையில ஸ்ப்ரே விக்குது அக்கா. ஒரு தடவ அடிச்சா முடிஞ்சிடும் லா," என்று இந்த ஊர்ப் பேச்சில் இழுத்தார்.

அப்போதுதான் நான் அந்தப் பெருமையைப் பேசினேன். "மருந்து அடிச்ச இலைய எங்க வீட்ல சாப்பிட மாட்டோம். எங்க அப்பா விவசாயி. சமையலுக்குப் பறிக்கிற செடியில மருந்தே படக் கூடாதுன்னு வளர்த்தவரு. நான் மருந்து இல்லாமலே கட்டுப்படுத்திக் காட்டுறேன்."

"அப்படின்னா அப்பாவ ஒரு தடவ வரச் சொல்லுங்க. எங்க வீட்ல கரப்பான் இருக்கு," என்று சொல்லிவிட்டு, ஒரு மாதம் அவகாசம் கொடுத்துப் போனார்.

போனவர் எழுத்தில் ஒரு விளக்கம் கேட்டிருந்தார். ஆங்கிலத்தில் எழுதி அனுப்பினேன். கட்டடங்களுக்குக் குளிர்சாதனக் குழாய் வரைபடம் போடுகிற வேலை எனக்கு. ஆங்கிலத்தில்தான் நாள் முழுக்க எழுதுகிறேன். ஆனாலும் அவசரத்தில், எனக்கே வயிற்றில் பூச்சி இருக்கிறது, நானே வைத்தியம் பார்த்துக்கொள்கிறேன் என்று பொருள் வரும்படி எழுதிவிட்டேன். செல்வம் படித்துவிட்டுச் சோபாவில் விழுந்து சிரித்தார். அதற்கு முன்பே அனுப்பியாகிவிட்டது.

ஊரில் மாடித்தோட்டம் வைத்திருப்பவர்களுக்கு உதவும் என்பதால் நான் செய்ததைச் சொல்கிறேன். காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் கொழுந்துகளைத் திருப்பிப் பார்ப்பேன். முட்டை வெளிர் மஞ்சளில் கடுகைவிடச் சின்னதாக, ஒரு மணி போல ஒட்டியிருக்கும். விரலால் தடவினால் போயிற்று. அதைத் தப்ப விட்டால் அடுத்து வருவது பறவை எச்சம் போலவே இருக்கும். கறுப்பும் வெள்ளையுமாக இலை மேலேயே உட்கார்ந்திருக்கும். நாம் எச்சம் என்று விட்டுவிடுவோம் என்பதுதான் அதன் நம்பிக்கை. பெரிதானால் இலைப் பச்சைக்கு மாறிவிடும். அந்தக் கட்டத்தில் ஒரு புழு ஒரு கிளையையே மொட்டையடித்துவிடும். கையால் பொறுக்குவதைவிட நல்ல வழி எதுவும் இல்லை.

பொறுக்கி முடித்தபின், ஒரு லிட்டர் வெதுவெதுப்பான தண்ணீரில் கொஞ்சம் சோப்பைக் கரைத்து, ஒரு தேக்கரண்டி வேப்பெண்ணெய் விட்டு, பால் போல வெளுக்கும்வரை குலுக்க வேண்டும். வெயில் இறங்கியபிறகு இலையின் அடிப்பக்கம் நனையத் தெளிக்க வேண்டும். வெயிலில் அடித்தால் இலை கருகும், மருந்தின் வேகமும் போய்விடும். இது புழுவை உடனே கொல்லாது. தின்னவிடாது, தோல் உரிக்கவிடாது. மழை பெய்தால் மறுபடியும் தெளிக்க வேண்டும். பறிக்கிற இலையை நன்றாகக் கழுவ வேண்டும். கொத்தமல்லிக்கும் புதினாவுக்கும் கொசுவலைத் துணியைக் கூடாரம் போலக் கட்டிவிட்டேன். பூச்சியே உட்கார முடியாவிட்டால் புழு எங்கிருந்து வரும்?

எல்லாப் புழுவையும் சோப்புத் தண்ணீரில் போட வேண்டும் என்றதும் கயல் அழுதாள். சரி, ஐந்தை வைத்துக்கொள் என்றேன். அந்த ஐந்துதான்.

3

எங்கள் காடு எரியோட்டிலிருந்து வேடசந்தூர் போகிற பக்கம் இருக்கிறது. கிணற்றுத் தண்ணீரை நம்பின நிலம். கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் புதினாவும் போடுவோம். பின்மாலையில் பறித்துக் கட்டினால் மினி லாரி வந்து திண்டுக்கல் மார்க்கெட்டுக்கு எடுத்துப்போகும். டவுனில் இருக்கிற பிரியாணிக் கடைகளுக்கும் எங்கள் புதினா போனது. பிரியாணிக் கடைக்குப் போகிற புதினாவில் ஓட்டை இருந்தால் கட்டைத் திருப்பி எறிந்துவிடுவார்கள்.

அதனால் மருந்து. வாரம் ஒரு தடவை. சில வாரம் இரண்டு தடவை.

எங்கள் குடும்பத்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். அப்பாவுக்குக் கையெழுத்து மட்டும் வரும். அம்மாவுக்கு அதுவும் வராது. நான் ஆறாவது படிக்கும்போது அம்மா மருந்து கலக்கிக்கொண்டிருந்தபோதே தலைசுற்றி வரப்பில் விழுந்தாள். மோட்டார் ரூமுக்குப் பக்கத்தில் அவளைப் படுக்கவைத்து, மோர் கொடுத்து, விசிறிக்கொண்டிருந்தார்கள். அப்பா அந்த மருந்து டப்பாவைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"இதுல என்னமோ பொடிசா எழுதிருக்கே. படி தாயி."

டப்பாவோடு மடித்து வைத்திருந்த தாளை விரித்து நான் படித்தேன். கையுறை போட வேண்டும், காற்றடிக்கும் திசைக்கு எதிராக நிற்கக் கூடாது, தெளித்தபின் இத்தனை நாள் கழித்துத்தான் பறிக்க வேண்டும் என்று வரிசையாக இருந்தது. அப்பா குத்தவைத்து உட்கார்ந்து கேட்டார். கடைசி வரிக்கு வந்ததும், "என்ன சொல்றே? நாம சாயங்காலம் அடிச்சுட்டு மறுநா பறிக்கிறோமே?" என்றார்.

"பறிக்கக் கூடாதாம்ப்பா."

மறுநாள் மண்வெட்டியை எடுத்துக்கொண்டு போய் மோட்டார் ரூம் ஓரமாக ஒரு வரப்புப் போட்டார். அந்த வரப்புக்கு இந்தப் பக்கம் கறிவேப்பிலையில் சில செடிகள், கொத்தமல்லி ஒரு பாத்தி, புதினா ஒரு பாத்தி. "இதுக்கு மருந்து கிடையாது. இது வீட்டுக்கு. அங்கிட்டு இருக்கறது லாரிக்கு," என்றார். அன்றிலிருந்து எங்கள் வீட்டில் அதற்கு வீட்டுப் பாத்தி என்றும் மற்றதற்கு லாரிப் பாத்தி என்றும் பெயர். பக்கத்துக் காட்டுக்காரர்கள் கேலி செய்தார்கள். "என்னப்பு அழகரு, மக கலெக்டராயிட்டாளாமே? உத்தரவெல்லாம் போடுறாளாமே?" அப்பா விட்டுக்கொடுக்கவில்லை. "ஆமாய்யா, எங்க வீட்டுக் கலெக்டருதான். உங்க வீட்ல ஒன்னு இருக்கா?"

வீட்டுப் பாத்திக்குப் புழு பொறுக்குவது என் வேலை ஆயிற்று. பள்ளிக்கூடம் போவதற்கு முன் ஒரு தகர டப்பாவோடு உட்காருவேன். எனக்கு அருவருப்பே கிடையாது. அது என் பாத்தி. நான் படித்த படிப்பில் எங்கள் வீட்டுக்குக் கிடைத்த முதல் பலன் அந்த வீட்டுப் பாத்திதான். பிறகு கிடைத்த இஞ்சினியரிங் பட்டமும் சிங்கப்பூர் வேலையும்கூட அதற்கு அடுத்தபடிதான் என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

லாரிப் பாத்தி இலையைப் பற்றி யோசித்ததில்லை. அது யாரோ முகம் தெரியாதவர்களுக்குப் போவது.

4

புழுக்கள் செத்த அன்று சனிக்கிழமை. வேலை இல்லை. வீடியோ கால் போட்டேன். அம்மா எடுத்தாள். வழக்கம்போல அவளுடைய நெற்றி மட்டும் தெரிந்தது.

"ஏத்தா, சாப்டியா? பிள்ளை எங்க?"

"அம்மா, பாண்டிகிட்டக் குடுத்துவிட்ட கருவேப்பிலைய எதுல பறிச்சீங்க?"

பாண்டி என் கணவரின் சித்தப்பா மகன். இங்கேதான் வேலை பார்க்கிறான். ஊருக்குப் போகும்போதெல்லாம் திருச்சி வழியாக அவன்தான் எங்கள் பொட்டலத்தைச் சுமந்து வருகிறவன்.

"எதுலன்னா? நம்ம காட்டுலதான்."

"நம்ம காட்டுல எதுல? வீட்டுப் பாத்தியா, லாரிப் பாத்தியா?"

அம்மாவின் நெற்றி திரையிலிருந்து போயிற்று. கூரை தெரிந்தது. "ஏங்க, செத்த இங்க வாங்க. இவ என்னமோ கேக்குறா."

அப்பா வந்தார். துண்டால் கையைத் துடைத்துக்கொண்டே கேட்டார். நான் மறுபடியும் கேட்டேன். அவர் கொஞ்சமும் தயங்கவில்லை. அதுதான் எனக்கு முதல் அடி.

"லாரிப் பாத்தியிலதான் தாயி. வீட்டுப் பாத்தி இலைய நீ பாத்தியா? ஒவ்வொன்னும் சல்லடை கணக்கா இருக்கு. அதப் போயி பிளேன்ல ஏத்திவிடச் சொல்றியா?"

"அதுல மருந்து அடிக்கிறீங்கல்லப்பா."

"அலசித்தானே குடுத்தோம். உங்கம்மா மஞ்சத் தண்ணில ரெண்டு தடவ அலசி, நெழல்ல உணத்தி, வாழை இலையில சுத்திக் கட்டுனா. ஒரு இலையில ஓட்டை இருந்துச்சா? சொல்லு, ஒன்னுலயாவது இருந்துச்சா?"

"இல்ல."

"பெறகென்ன?"

"கயல் வளத்த புழு அம்புட்டும் அந்த இலையத் தின்னு செத்துப் போச்சுப்பா."

அப்பாவுக்குப் பின்னால் என் தம்பி முருகேசன் சிரிக்கிற சத்தம் கேட்டது. இப்போது காட்டைப் பார்ப்பது அவன்தான். அவன் திரைக்குள் தலையை நீட்டினான். "யக்கா, புழு சாகத்தானே மருந்து அடிக்கிறோம்? அங்க வரைக்கும் போயி வேல செய்யுதுன்னா நல்ல மருந்துதான்."

"வெளையாடாதடா. இத்தன வருசமா அதுலதான் குடுத்துவிட்டீங்களா?"

கூரையும், அப்பாவின் தோளும், தம்பியின் பாதி முகமும் மட்டும் திரையில் இருந்தன.

"அந்த இலையத்தானடா பொடி பண்ணி, பிள்ளைக்குப் பல்லு மொளைச்சதுல இருந்து நெய்ச் சோத்துல பிசஞ்சு ஊட்டுனேன். வெஞ்சனம் எதுவும் எறங்கலன்னா அந்தப் பொடி மட்டும்தான் சாப்பிடுவா. நீங்க யாரும் ஒரு வார்த்தை சொல்லலையே."

"ஊருக்கே அதான் போகுதுக்கா. டவுன்ல பாதிக் கடைக்கு நம்ம இலைதான். யாருக்கு என்ன ஆச்சு? உனக்கு மட்டும் தனியா ஒடம்பா?"

"அப்ப நீங்க ஏன்டா வீட்டுப் பாத்தியில பறிக்கிறீங்க?"

பதில் சொன்னது அவன் மனைவி முத்துலட்சுமி. பக்கத்தில் உட்கார்ந்து ஏதோ ஆய்ந்துகொண்டிருந்திருப்பாள் போல. வெடுக்கென்று பேசுகிற பெண் இல்லை. கேட்ட கேள்விக்கு உள்ளதைச் சொன்னாள், அவ்வளவுதான்.

"அது வீட்டுக்கு மதினி."

அம்மாவுக்கு அது உறைத்திருக்க வேண்டும். போனைப் பிடுங்கி முகத்துக்கு நேராக வைத்துக்கொண்டாள். "அப்படி இல்லத்தா. நீ வெளிநாட்டுல இருக்கே. ஒன் வீட்டுக்காரரு சொந்தக்காரன் கையில குடுத்துவிடுறோம். அவன் பிரிச்சுப் பாத்தா என்ன நெனப்பான்? மகளுக்குப் புழு தின்ன எச்ச இலையக் குடுத்துவிட்டாகன்னு சொல்ல மாட்டானா? வீட்ல உள்ளவுக எதையும் திம்போம். விருந்தாளுக்கு அதக் குடுக்க முடியுமா?"

நான் போனை வைத்துவிட்டேன். சொல்லிக்கொண்டு வைக்கவில்லை.

கோபத்தை ஒதுக்கிவைத்துவிட்டு யோசித்துப் பார்த்தேன். அவர்கள் எனக்குக் கெடுதல் நினைக்கவில்லை. நான் பிறந்த வீட்டில் யாருக்கு எதைக் கொடுப்பது என்பதற்கு ஒரு முறை இருக்கிறது. வெளியே போவது அழகாக இருக்க வேண்டும். உள்ளே இருப்பது நல்லதாக இருந்தால் போதும். அந்த வரப்பு என் கண் முன்னால்தான் போடப்பட்டது. நான் படித்துச் சொன்னதால்தான் போடப்பட்டது. என்னை எந்த நாளில் வரப்புக்கு அந்தப் பக்கம் தூக்கி வைத்தார்கள் என்பதுதான் எனக்குத் தெரியவில்லை. கல்யாணம் ஆன அன்றா? விமானம் ஏறிய அன்றா? இரண்டில் எதுவாக இருந்தாலும் எனக்குச் சொல்லியிருக்கலாம். நான் அந்தப் பக்கம் நின்றுகொண்டு, இந்தப் பக்கம் நிற்பதாகவே எல்லோரிடமும் பேசிக்கொண்டிருந்தேன்.

5

எல்லோரிடமும் என்றால், முக்கியமாக லிம் ஆன்ட்டியிடம்.

லிம் ஆன்ட்டி அடுத்த வீட்டுச் சீனர். அறுபது வயதுக்கு மேல். தனியாக இருக்கிறார். வெண்ணெயில் இறாலை வறுக்கும்போது கறிவேப்பிலை வேண்டும் என்று வந்து நிற்பார். ஊரிலிருந்து பொட்டலம் வந்த அன்றே பாதியை அவருக்குக் கொடுத்திருந்தேன். மருந்து படாத இலை, எங்கள் அப்பா வளர்த்தது, கடையில் இதெல்லாம் கிடைக்காது என்று வாய் நிறையச் சொல்லித்தான் கொடுத்தேன்.

போய்ச் சொல்லியாக வேண்டும். நடைபாதையில் பத்தடி தூரம் இல்லை. ஆனால் சனிக்கிழமை போகவில்லை. ஞாயிற்றுக்கிழமை கயல்தான் ஆரம்பித்தாள்.

"லிம் ஆன்ட்டியும் தாத்தா இலை சாப்பிட்டாங்களா?"

"ம்."

"அவங்களுக்கும் வாயில கிரீனா வருமா?"

எழுந்து போய்க் கதவைத் தட்டினேன். கயலும் பின்னாலேயே வந்து நின்றாள். நான் ஆங்கிலத்தில் ஒரு விளக்கம் தயார் செய்து வைத்திருந்தேன். ஊரில் ஒரு சின்னக் குழப்பம், இலை மாறிவிட்டது என்று. ஆனால் அவர் கதவைத் திறந்ததும் அது வரவில்லை. "ஆன்ட்டி, நான் குடுத்த இலையில மருந்து இருக்கு. எனக்குத் தெரியாது. எங்க வீட்ல என்கிட்டச் சொல்லல. தூக்கிப் போட்டுருங்க," என்று வாயில் வந்த ஆங்கிலத்தில் உள்ளதைச் சொன்னேன்.

அவர் என்னையும் கயலையும் மாற்றி மாற்றிப் பார்த்தார். "அய்யோ," என்றார். அந்த ஒரு தமிழ் வார்த்தை இங்கே எல்லோருக்கும் தெரியும். பிறகு அவருடைய ஆங்கிலத்தில் சொன்னதன் சாரம் இதுதான்: மார்க்கெட்டில் வாங்குகிற எல்லாவற்றிலும் மருந்து இருக்கிறது, கழுவினால் போதும், நான் ஏற்கெனவே சாப்பிட்டுவிட்டேன், இன்னும் உயிரோடுதானே இருக்கிறேன்? இதற்குப் போய் ஏன் அழுகிறாய்?

அழுதுகொண்டிருக்கிறேன் என்பது அவர் சொன்னபிறகுதான் எனக்குத் தெரிந்தது.

திரும்பி வந்து எங்கள் செடியில் ஒரு கொத்துப் பறித்தேன். பாதி இலை அரித்துப் போயிருந்தது. கழுவி அவரிடம் கொடுத்தேன். அவர் ஒரு இலையை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து, ஓட்டை வழியாகக் கயலைப் பார்த்துக் கண்ணடித்தார். கயல் சிரித்தாள். இரண்டு நாளில் அவள் முதல் தடவையாகச் சிரித்தது அப்போதுதான்.

ஊர்ப் பொட்டலத்தில் மீதி இருந்ததையும், டப்பாவில் இருந்த பொடியையும் குப்பையில் கொட்டினேன். பொடியின் வாசனை அடுப்படியில் வெகுநேரம் இருந்தது. நல்ல வாசனை. அதுதான் ஆத்திரமாக இருந்தது.

அதற்குப் பிறகு கயல் தாத்தாவிடம் போனில் பேச வரமாட்டேன் என்றாள். முன்பும் அவள் பேச்சு இரண்டு வார்த்தைதான். தாத்தா கேட்பது இவளுக்குப் புரியாது, இவள் சொல்வது தாத்தாவுக்குப் புரியாது. "சாப்டியா", "சாப்டேன்" என்று முடிந்துவிடும். இப்போது அதுவும் இல்லை. "ஹோம்வொர்க் இருக்கு," என்று அறைக்குள் போய்விடுகிறாள். வேறு நாளாக இருந்தால் அவளை அதட்டி இழுத்து வந்து உட்கார வைத்திருப்பேன்.

ஒரு மாதம் முடிந்து தினேஷ் வந்து பார்த்தார். செடியில் ஒரு புழு இல்லை. எலுமிச்சையில் மட்டும் கயலுக்காக ஒன்றிரண்டை வேண்டுமென்றே விட்டுவைத்து வலை கட்டியிருந்தேன். "சூப்பர் அக்கா. அப்பா சொல்லிக் குடுத்த டெக்னிக்கா?" என்றார்.

"இல்ல. நானே செஞ்சது," என்றேன்.

6

பாண்டி மறுபடியும் ஊருக்குப் போனான். கிளம்பி வருவதற்கு முந்தின நாள் அப்பா கூப்பிட்டார். அதுவரை நாங்கள் பேசிக்கொண்டுதான் இருந்தோம். மழை, மோட்டார், அய்யலூர்ச் சந்தையில் வாங்கிய ஆடு என்று மற்றதையெல்லாம் பேசினோம்.

"பாண்டி வந்துட்டுப் போனான் தாயி. நாளைக்கு ஏறுறான்."

"சரிப்பா."

"இலை குடுத்துவிடவா?"

நான் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டேன்.

அவரே கேட்டார். "எதுல பறிக்க?"

அவரைப் பொறுத்தவரை அவர் இறங்கி வந்துவிட்டார். அது எனக்குத் தெரியும். என் அப்பா யாரிடமும் அப்படிக் கேட்கிற ஆள் இல்லை. ஆனால் எனக்கு அந்தக் கேள்விதான் வேண்டாததாக இருந்தது. முருகேசனிடம் எதில் பறிக்க என்று யாரும் கேட்பதில்லை. முத்துலட்சுமியிடம் கேட்பதில்லை. அவள் அந்த வீட்டுக்கு வந்து மூன்று வருஷம்தான் ஆகிறது.

"உங்க இஷ்டம்ப்பா," என்றேன்.

பாண்டி ஞாயிற்றுக்கிழமை காலையில் பொட்டலத்தோடு வந்தான். வாசலில் நின்றபடியே, "அத்தாச்சி, இந்தத் தடவ மாமா கையில என்னமோ ஆயிருச்சு போல. பிரிச்சுப் பாருங்க. என்னைய வைய்யாதீக," என்றான்.

வாழை இலையைப் பிரித்தேன். ஒரு இலைகூட முழுசாக இல்லை. சில இலைகளில் நடு நரம்பு மட்டும் இருந்தது. சிலவற்றில் ஓரம் மட்டும் இருந்தது. வீட்டுப் பாத்தியில் இருந்ததிலேயே புழு அதிகமாகத் தின்றதாகப் பார்த்துப் பார்த்துப் பறித்திருக்கிறார். அது கோபத்தில் பறித்ததா, மன்னிப்புக் கேட்டுப் பறித்ததா என்று இலையைப் பார்த்துச் சொல்ல முடியவில்லை. என் அப்பாவிடம் இரண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். ரோஷத்தில் நான் அவருடைய மகள்.

பாண்டிக்குக் காபி கொடுத்து அனுப்பினேன். செல்வம் கொத்தை எடுத்து மோந்து பார்த்து, "உங்கப்பா ஜெயிச்சுட்டாரு போ. இன்னைக்கு ரசம் வை," என்றார்.

"சாயங்காலம் வெக்கிறேன்," என்றேன்.

கயல் அவள் சிநேகிதி வீட்டுக்குப் போயிருந்தாள். நான் நடைபாதைக்குப் போய் எலுமிச்சைச் செடியின் வலையை அவிழ்த்து, ஒரு புழுவை எடுத்தேன். நல்ல பெரிய புழு. கொம்பை நீட்டி நாற்றத்தைக் காட்டியது. கயலின் பழைய டப்பாவில் அதை விட்டு, அப்பா கொடுத்துவிட்ட இலையில் ஒரு கொத்தைப் போட்டு மூடி, துணி துவைக்கும் மெஷினுக்குப் பின்னால் யார் கண்ணிலும் படாமல் வைத்தேன்.

சாயங்காலம் ரசம் வைக்கவில்லை. தலைவலி என்று சொல்லி வெளியில் வாங்கிச் சாப்பிட்டோம்.

திங்கட்கிழமை காலையில் டப்பாவைத் திறந்தேன். கொத்தில் பாதி இல்லை. புழு காம்பில் ஏறி உட்கார்ந்து, மிச்ச இலையின் ஓரத்தை நிதானமாகக் கத்தரித்துக்கொண்டிருந்தது. அது தின்று முடிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு அதைக் கொண்டுபோய் எலுமிச்சையிலேயே விட்டேன்.

அன்று அப்பாவின் இலையைப் போட்டு ரசம் வைத்தேன். கயலுக்கு ஊட்டினேன். எந்த இலை என்று அவள் கேட்டாள். நம்ம செடி இலை என்றேன்.

ராத்திரி அப்பா கூப்பிட்டார். அவர் குரலில் கொஞ்சம் மிடுக்கு திரும்பியிருந்தது.

"என்ன தாயி, இலை எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சுப்பா."

"ரசம் வெச்சியா?"

"வெச்சேன்."

"பிள்ளை சாப்ட்டாளா?"

"சாப்ட்டா."

"பாத்தியா? வீட்டுப் பாத்திக்கு மருந்து கிடையாதுன்னு அப்பன் சொன்னா சொன்னதுதான்," என்றார். ஆமாம்ப்பா என்றேன். புழுவிடம் கேட்டுவிட்டுத்தான் சமைத்தேன் என்று அவரிடம் சொல்லவில்லை.